படம் யார் பார்க்க? திருகோணமலை ஸ்ரூடியோக்காரரிடம் சில கேள்விகள்

வணக்கம். திருகோணமலை டவுனில் முப்பது வருஷமாக ஸ்ரூடியோ வைத்திருக்கிறேன். கலியாணம், சாமத்தியவீடு, தேர்த் திருவிழா, பாஸ்போட் படம் எல்லாம் செய்திருக்கிறேன். இடையில் கொஞ்சக் காலம் பத்திரிகைகளுக்கும் படம் கொடுத்தேன். போன வாரம் கேள்விகள் கேட்கச் சொல்லியிருந்தேன். ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன். "எந்தக் கமரா வாங்கலாம்" என்று மட்டும் பதினான்கு பேர் கேட்டிருக்கிறீர்கள். அது கடைசியில்.

அண்ணை, எல்லாரிடமும் போன் இருக்கிறது. இனிமேல் போட்டோகிராபருக்கு என்ன வேலை? (உவர்மலையிலிருந்து ஒரு தம்பி)

ஒரு கலியாண வீட்டுக்கு என்னோடு வாரும், சொல்கிறேன். கெட்டிமேளம் தொடங்கித் தாலி முடிச்சு விழ எத்தனை செக்கன்? பத்து, மிஞ்சினால் பதினைந்து. அந்த நேரத்தில் நூறு போன் உயரும், ஐயரின் கை குறுக்கே வரும், தோழி குனிவாள், அட்சதை பறக்கும். அரிசி பறந்தால் ஓட்டோ போக்கஸ் அரிசியைப் பிடித்துக்கொண்டு மாப்பிள்ளையை மங்கலாக்கிவிடும். அதனால் மேளம் மாறுவதற்கு முன்பே பொம்பிளையின் கழுத்தடியில் போக்கஸை வைத்துப் பூட்டிவிடுவேன். எங்கே நிற்பது என்பதை மணவறை கட்டும்போதே போய்ப் பார்த்து வைத்திருப்பேன். ஐயரிடமும் ஒரு வார்த்தை சொல்லியிருப்பேன். போன்காரருக்குப் படம் வராவிட்டால் பரவாயில்லை. எனக்கு வராவிட்டால் அந்தக் குடும்பத்திடம் போய் நான் என்ன சொல்வது?

பாஸ்போட் படத்தில் ஏன் சிரிக்க விடுகிறீர்கள் இல்லை?

அந்தப் படத்தை அம்மா பார்க்கப் போவதில்லை, விமான நிலையத்தில் மெஷின் பார்க்கப் போகிறது. அது முகத்தின் அளவுகளை ஒப்பிடும். சிரித்தால் வாயும் கன்னமும் இடம் மாறிவிடும். குடிவரவு குடியகல்வுத் திணைக்களம் அங்கீகரித்த ஸ்ரூடியோவில் எடுத்து ஒன்லைனில் அனுப்புகிற முறை வந்தபிறகு, எங்களுக்கும் விளையாட்டுக் காட்ட இடமில்லை. முகப்பருவை அழித்துத் தரச் சொல்லி வருபவர்களுக்கும் இதுதான் பதில்.

நான் கிண்ணியா. படம் எடுப்பதைத் தொழிலாகச் செய்ய ஆசை. பொம்பிளைப் பிள்ளைக்கு இது சரிவருமா என்று வீட்டில் யோசிக்கிறார்கள்.

தங்கச்சி, உங்கள் பக்கத்தில் இந்தத் தொழிலுக்குத் தட்டுப்பாடாக இருப்பதே பெண்கள்தான். கிண்ணியா, மூதூர்க் கலியாணங்களில் பெண்கள் பகுதிக்கு என்னை விடமாட்டார்கள், அது நியாயமும் கூட. அங்கே எடுக்க ஒரு பெண் இருந்தால் அவருக்கு ஓய்வே இருக்காது.

ஆனால் ஒன்று. அவர்கள் உங்களை நம்பி முக்காடு இல்லாமல் நிற்பார்கள். அந்தப் படங்களை எடிட் பண்ண வெளியில் கொடுத்தால், அங்கே கணினிக்கு முன்னால் இருப்பது ஒரு ஆம்பிளைப் பிள்ளையாக இருக்கும். எடிட்டிங்கை நீங்களே படியுங்கள். பேஸ்புக்கில் மாதிரிக்குப் போடுவதென்றால் கைகளை, மருதாணியை, நகையைப் போடுங்கள், முகம் வேண்டாம். இதையெல்லாம் முதலே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். வீட்டாருக்கும் அந்தத் தாளைக் காட்டலாம்.

பிரெட்ரிக் கோட்டை வாசலில் இருக்கும் கல்வெட்டையும் இரட்டை மீன் சின்னத்தையும் மாணவர்களுக்குக் காட்டப் படம் எடுத்தேன். ஒன்றுமே தெரியவில்லை. (தம்பலகாமம், வரலாற்று ஆசிரியர்)

சேர், எனக்குப் பிடித்த கேள்வி இது. 1622இல் பறங்கியர் (போர்த்துக்கேயர்) கோணேசர் கோயிலை இடித்து, அந்தக் கற்களையும் சேர்த்துக் கட்டிய கோட்டை அல்லவா? கோயில் கல் ஒன்று வாசல் கல்லாக நிற்கிறது. நீங்கள் நேரே நின்று பிளாஷ் அடித்திருப்பீர்கள். நேர் வெளிச்சம் பள்ளத்தையும் மேட்டையும் ஒன்றாக்கிவிடும்.

பிளாஷை நிறுத்துங்கள். வெயில் கல்லை உரசிக்கொண்டு பக்கவாட்டில் போகும் நேரத்துக்குக் காத்திருங்கள். இல்லையென்றால் மங்கல் பொழுதில் ஒருவர் டோர்ச்சைக் கல்லின் ஓரத்தோடு ஒட்டிப் பிடிக்கட்டும். ஒவ்வொரு கோட்டின் ஒரு கரையில் நிழல் விழும், மீனின் வால் திடீரென்று எழுந்து நிற்கும். இடப்பக்கமிருந்து ஒன்று, வலப்பக்கமிருந்து ஒன்று, மேலிருந்து ஒன்று எடுங்கள். சில கோடுகள் ஒரு திசை வெளிச்சத்தில்தான் தெரியும். பக்கத்தில் அடிமட்டம் வைத்தும் ஒன்று எடுக்க வேண்டும். தொல்லியல்காரர் அளவில்லாத படத்தை மதிக்கமாட்டார்கள். எழுத்தின் மேல் சோக்கட்டி பூசாதீர்கள். முன்பு பூசினார்கள், அது கல்லுக்குக் கேடு. உள்ளே இராணுவ முகாம் இருக்கிறது, ஆகவே கமராவை ஸ்டாண்டில் வைத்து வேலை செய்வதென்றால் முதலில் வாசலில் கேளுங்கள். மான்கள் வந்து மூக்கை நீட்டும். அதற்கு நான் பொறுப்பில்லை.

செய்திப் படம் எடுப்பவரின் வேலை என்ன? எனக்கு ஊடகவியல் படிக்க விருப்பம்.

திருகோணமலையில் இருந்துகொண்டு இதற்கு ஒரு பெயரைச் சொல்லாமல் பதில் எழுத முடியாது. 2006 ஜனவரி 2ஆம் திகதி நம் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். அவர்களிடம் இருந்த கைக்குண்டு வெடித்துச் செத்தார்கள் என்று முதலில் சொல்லப்பட்டது. 'சுடர் ஒளி' பத்திரிகைச் செய்தியாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் அந்த உடல்களைப் படம் எடுத்தார். படத்தில் துப்பாக்கிக் காயங்கள் தெரிந்தன. அதே மாதம் 24ஆம் திகதி அவரைச் சுட்டுக் கொன்றார்கள்.

அந்தப் படங்களில் கலை நயம் தேட ஒன்றுமில்லை. காயம் எங்கே இருக்கிறது என்று தெரிந்தது, அவ்வளவுதான் தேவைப்பட்டது. பொலிஸில் குற்ற இடத்தைப் படம் எடுப்பவர்களும் இப்படித்தான் வேலை செய்ய வேண்டும்: தூரத்திலிருந்து முழு இடம், நடுத்தூரத்தில் பொருளும் சுற்றமும், கிட்ட நின்று அளவுகோல் இல்லாமல் ஒன்று, அளவுகோலோடு ஒன்று. நீர் படிக்கப் போனால் முதலில் பழக வேண்டியது இதுதான். யார், எங்கே, எத்தனை மணி என்பதை அங்கேயே குறித்துக்கொள்ளும். மூலக் கோப்பில் கை வைக்கக் கூடாது.

அண்ணா, 1998இல் எங்கள் குடும்பப் படம் உங்களிடம் எடுத்தோம். நெகட்டிவ் இருக்குமா? (கனடாவிலிருந்து)

அக்கா, 1999க்கு முந்தியவை இல்லை. இடம் காணாது என்று பெட்டி பெட்டியாக நானே எரித்தேன்.

2004 மார்கழி சுனாமிக்குப் பிறகுதான் என்ன செய்தேன் என்று விளங்கியது. வீட்டோடு அல்பமும் போனவர்கள் கடை வாசலில் வரிசையாக வந்து நின்றார்கள். ஒருவர் மகளின் படம் கேட்டார். பெயரில் தேடினால் கிடைக்கவில்லை. வேறொருவருடைய பிறந்தநாள் நெகட்டிவ் உறையில், கேக்குக்குப் பின்னால் நின்ற பிள்ளைகளில் மூன்றாவதாக அந்தப் பிள்ளை இருந்தது, பாதி முகம் பலூனால் மறைந்து. அதைப் பெருப்பித்துக் கொடுத்தேன். காசு எடுக்கவில்லை என்று சொல்வதற்காக எழுதவில்லை, எரித்த பெட்டிகளில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று எனக்குத் தெரியாது. இப்போது ஒவ்வொரு வேலையும் மூன்று பிரதி. ஒன்று கடையில், ஒன்று வீட்டில், ஒன்று கண்டியில் தம்பி வீட்டில். உங்கள் ஊர் உறவுகளிடம் அந்தப் படத்தின் பழைய பிரிண்ட் இருந்தால் கொண்டுவரச் சொல்லுங்கள், திரும்ப எடுத்துத் தருகிறேன்.

நிலாவெளியில் வள்ளம் ஓட்டுகிறேன். புறாத்தீவில் தண்ணீருக்குள் எடுத்த படமெல்லாம் நீலமாகவே வருகிறது.

தண்ணீர் முதலில் சிவப்பைத்தான் விழுங்கும். நாலைந்து மீற்றரிலேயே பெரும்பாலும் போய்விடும். வெயில் உச்சியில் நிற்கும்போது, ஆழம் குறைந்த இடத்தில், மீனுக்குக் கிட்டப் போய் எடுங்கள். பவளப் பாறையில் காலை ஊன்றவேண்டாம் என்று உங்கள் பயணிகளுக்கும் சொல்லுங்கள், அது தேசியப் பூங்கா. திமிங்கிலம் என்றால் சித்திரை, வைகாசி நல்ல காலம். வள்ளம் ஆடும், ஷட்டர் வேகம் செக்கனில் ஆயிரத்தில் ஒன்றுக்குக் கீழே போகவேண்டாம்.

ட்ரோன்?

சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபையின் அனுமதி வேண்டும். கடற்படையும் விமானப் படையும் இருக்கிற ஊர் இது. சும்மா ஏற்றிப் பார்ப்போம் என்று நினைக்கவே வேண்டாம்.

சரி, எந்தக் கமரா?

கையில் இருக்கிற காசுக்கு வருகிற பழைய கமரா ஒன்று, 50 மில்லிமீற்றர் லென்ஸ் ஒன்று. மிச்சக் காசுக்குக் காற்றுப் புகாத பெட்டியும் சிலிக்கா ஜெல்லும். நம் ஊர் உப்புக் காற்றிலும் மாரி ஈரத்திலும் லென்ஸுக்குள் பூஞ்சணம் சிலந்திவலை மாதிரிப் பிடிக்கும். என்னுடைய நல்ல லென்ஸ் ஒன்று அலுமாரிக்குள் துணியில் சுற்றிவைத்தே அப்படிப் போனது. கடற்கரைக்குப் போய்வந்தால் அன்றே துடையுங்கள்.

மிச்சக் கேள்விகளுக்கு ஞாயிற்றுக்கிழமை. சனிக்கிழமை சாம்பல்தீவில் கலியாணம், விடிய நாலு மணிக்கு பொம்பிளை வீட்டில் நிற்கவேண்டும்.