தோட்டத்தை விற்க வேண்டாம், அண்ணாச்சி

மார்த்தாண்டத்துப் பக்கம் இரண்டு ஏக்கர் ரப்பர் இருக்கிறது, அதை விற்று மகளை நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் எம்.பி.பி.எஸ். சேர்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நீட்டில் தேறிவிட்டாள், ஆனால் அரசு இடம் கிடைக்கிற மார்க் இல்லை. குறைகிற பணத்தை வளைகுடாவில் இருக்கிற மாமன் தருகிறேன் என்கிறாராம். "பிளாஸ்டிக் சர்ஜன் ஆகணும்னு பிள்ளை ஒத்தக்கால்ல நிக்குது சாரே" என்றும் சொன்னீர்கள்.

உங்கள் தவிப்பு புரிகிறது. ஆனாலும் விற்காதீர்கள்.

எம்.பி.பி.எஸ். பயிற்சியோடு சேர்த்து ஐந்தரை வருடம். அந்த மாதிரிக் கல்லூரிகளில் படிப்புக் கட்டணமே ஆண்டுக்கு இருபது லட்சத்தைத் தாண்டுகிறது. அதை முடித்ததும் அவள் பிளாஸ்டிக் சர்ஜன் ஆகிவிட மாட்டாள். இன்னொரு நீட் எழுதி எம்.எஸ். மூன்று வருடம், மறுபடியும் ஒரு நீட் எழுதி பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சி.எச். மூன்று வருடம். எம்.எஸ்.ஸுக்கான நீட்டை எழுதுவதற்குள்ளேயே தோட்டம் கரைந்திருக்கும். மாமன் தருகிற பணமும் கடன்தான். கல்யாணப் பேச்சு வரும்போது அது தெரியவரும்.

நர்சிங், பார்மசி, லேப் டெக்னீசியன் பற்றியெல்லாம் டீக்கடையிலேயே சொல்லுவார்கள். அதை விடுங்கள்.

நீங்கள் குறையாகச் சொன்ன ஒரு விஷயம்தான் என்னை உட்காரவைத்தது. தம்பி கையில் கொதிநீர் பட்டு, தொடைத்தோலை எடுத்து ஒட்டினார்களே, அப்போது கட்டு மாற்றும் ஒவ்வொரு முறையும் அவள் புண்ணுக்கு மேலாக ஒரு பாலித்தீன் தாளைப் பிடித்து விளிம்பை வரைந்து, கட்டம் எண்ணி நோட்டில் எழுதினாளாம். "படிக்கிற நேரத்துல இதுதான் வேலை" என்று அலுத்துக்கொண்டீர்கள்.

அது நிஜமாகவே ஒரு வேலை, அண்ணாச்சி. ஆய்வுக்கூடத்தில் எலிக்கு மயக்கம் கொடுத்து, முதுகுத்தோலை ஒரு முனை மட்டும் உடம்போடு ஒட்டியிருக்கும்படி நீளமாகக் கீறித் தூக்கி, திரும்பவும் தைத்துவிடுவார்கள். ரத்தம் எட்டாத நுனி கறுத்துப்போகும். ஒரு வாரம் கழித்து எவ்வளவு பிழைத்தது, எவ்வளவு செத்தது என்று கண்ணாடித்தாளில் வரைந்து அளப்பார்கள். 1965-இல் மக்ஃபார்லேன் குழுவினர் வகுத்துக் கொடுத்த முறை இது. இப்படித் தூக்கித் தைத்த தோலைக் காப்பாற்றும் என்று சொல்லப்படும் எத்தனையோ மருந்துகளை இப்படித்தான் சோதித்திருக்கிறார்கள்.

எலியில் ஒரு சிக்கலும் உண்டு. அதன் தோலுக்கு அடியில் மெல்லிய தசை இருப்பதால் காயம் சுருங்கியே மூடிக்கொள்ளும். மனிதக் காயம் பெரும்பாலும் புதுத்திசு வளர்ந்துதான் மூடுகிறது. ஆகவே காயத்தைச் சுற்றிச் சிலிக்கான் வளையம் ஒன்றைத் தைத்து, சுருங்கவிடாமல் பிடித்துவைப்பார்கள். மனிதத் தோலுக்கு இன்னும் நெருக்கமாக வேண்டுமென்றால் பன்றிக்குப் போவார்கள். ரத்தக்குழாயை இணைக்கக் கற்பவர்கள் கோழிக்காலில் கைபழகி, பிறகு எலியின் தொடைத் தமனிக்கு வருவார்கள். ஒரு மில்லிமீட்டர் பருமன் உள்ள குழாய் அது. நுண்ணோக்கி வழியே பார்த்து, தலைமுடியைவிட மெல்லிய நைலான் இழையால் தைக்க வேண்டும்.

இந்த வேலையில் சர்ஜன்களோடு கால்நடை மருத்துவர்களும் இருக்கிறார்கள். விலங்கு ஆய்வு நடக்கிற நிறுவனத்தின் நெறிமுறைக் குழுவில் கால்நடை மருத்துவர் ஒருவர் இருந்தே தீர வேண்டும் என்பது மத்திய அரசின் விதி. தூரத்திலும் தேட வேண்டாம். களியக்காவிளை தாண்டித் திருவனந்தபுரம் பஸ்ஸில் போனால் பூஜப்புரையில் ஸ்ரீ சித்திரா நிறுவனத்தின் மருத்துவத் தொழில்நுட்பப் பிரிவு. பன்றியின் பித்தப்பையிலிருந்து எடுத்த திசுவைச் சவ்வாக்கி, எலி, முயல், நாய்களின் தோல் காயங்களில் போட்டுப் பார்த்து, 'கோலிடெர்ம்' என்று ஒன்றை உருவாக்கினார்கள். 2023-இல் அதற்கு மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அனுமதி கிடைத்தது.

ஆக, நான் சொல்வது பி.வி.எஸ்சி., கால்நடை மருத்துவப் படிப்பு. அதுவும் ஐந்தரை வருடம்தான். தமிழ்நாட்டில் மாநில இடங்களுக்கு பிளஸ் டூ மதிப்பெண் போதும், நீட் வேண்டாம். எல்லைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் இதே படிப்புக்கு நீட் கேட்பார்கள். அந்த மட்டில் உங்கள் முகவரி அதிர்ஷ்டம். திருநெல்வேலியிலேயே அரசுக் கல்லூரி. பிறகு எம்.வி.எஸ்சி.யில் அறுவை அல்லது நோய்க்குறியியல், அதற்கு மேல் பி.எச்டி. ஜே.ஆர்.எஃப். என்கிற இளநிலை ஆய்வாளர் தகுதி கிடைத்தவர்களுக்கு மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை உண்டு. ஆய்வுப் பணியிடங்கள் கொஞ்சம்தான், மறைக்கவில்லை. அங்கே வாய்க்காவிட்டாலும் டி.என்.பி.எஸ்.சி. எழுதிக் கால்நடை உதவி மருத்துவர் ஆகலாம்.

"மாட்டு டாக்டரா?" என்று அத்தைமார் கேட்பார்கள். ஃபீஸ் கட்டப்போவது அவர்கள் இல்லை.

மகளிடம் இரண்டை ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள். இந்தப் படிப்பை வைத்து மனிதருக்கு ஆபரேஷன் செய்ய முடியாது, ஒருநாளும். அடுத்தது, சோதனை முடிவில் பெரும்பாலும் விலங்கை வலியில்லாமல் கொன்றுதான் திசுவை எடுத்துப் பார்ப்பார்கள். இதைக் கேட்டு அவள் பின்வாங்கினால் வற்புறுத்தாதீர்கள். நான் சொன்னேன் என்பதற்காகவும் கூடாது. செல் வளர்ப்பு, உயிரிப்பொருள் என்று எம்.எஸ்சி. வழிகள் இருக்கின்றன, அவளையே பேசச் சொல்லுங்கள். சம்மதம் என்றால் நீட் கோச்சிங்குக்கு மறுபடியும் பணம் கட்ட வேண்டாம்.

அப்புறம், ஒன்பதும் பத்தும் பாறசாலையில் படித்தவள் என்றீர்கள். கவுன்சலிங்கில் நேட்டிவிட்டி சர்ட்டிபிகேட் கேட்பார்கள். இந்த வாரமே இ-சேவை மையத்தில் எழுதிப் போடுங்கள். தாலுகா ஆபீசில் பள்ளிக்கூடம் கேரளத்தில் என்றதும் நாலு கேள்வி கூடுதலாகக் கேட்பார்கள். ரேஷன் கார்டையும் உங்கள் பழைய டி.சி.யையும் கையோடு கொண்டுபோங்கள்.