கடற்காற்று எத்தனை மணிக்கு வரும்? வெப்பநிலைக் கணிப்புப் போட்டி: கேள்வி-பதில்

நுங்கம்பாக்கத்தின் மறுநாள் வெப்பநிலையையும் மழையையும் முந்தின இரவே கணிக்கும் போட்டியை நண்பர்களோடு நடத்தி வருகிறோம். கலந்துகொள்பவர்கள் கேட்டவற்றில் சில.

மூன்று மாடல்களின் (வானிலையைக் கணினியில் கணிக்கும் திட்டங்கள்) சராசரியைத்தான் போடுகிறேன். மே மாதத்தில் மட்டும் 3 டிகிரி வரை தவறுகிறதே?

சென்னையில் மே மாத வெயிலைத் தீர்மானிப்பது கடற்காற்று நுழையும் நேரம். அது பதினொன்றரைக்கே வந்துவிட்டால் பாதரசம் 37-இல் நின்றுவிடும். இரண்டரை வரை வராவிட்டால் 41-ஐத் தொடும். இரண்டுக்கும் சராசரி எடுத்து 39 போட்டால் இரண்டு நாளும் தவறும்.

ஆகவே டிகிரியை விட்டுவிட்டு முதலில் மணியைக் கணியுங்கள். தரையிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர் உயரத்தில், அதாவது 850 மில்லிபார் வரைபடத்தில், மேற்குக் காற்று எவ்வளவு வேகம் என்று பாருங்கள். அது வலுவாக இருந்தால் கடற்காற்றை உள்ளே விடாது. 2003 மே கடைசியில் நகரம் 45 டிகிரியில் வெந்ததே, அதுபோன்ற நாட்களில் மேற்குக் காற்றின் கைதான் ஓங்கியிருக்கும்.

மொட்டை மாடியில் காயும் வேட்டியைக் கவனித்துப் பழகுங்கள். காலை முழுக்கக் கிழக்குப் பக்கம் பறந்துகொண்டிருக்கும். திடீரென்று தொய்ந்து, ஒரு நிமிடம் அசையாமல் தொங்கி, அப்புறம் மேற்குப் பக்கம் திரும்பும். கையில் பிசுபிசுப்பு தெரியும். அந்த நேரத்தைத் தினமும் குறித்து வையுங்கள். ஒரு மாதக் குறிப்பு கையில் இருந்தால், எந்த மாடல் கடற்காற்றைச் சீக்கிரம் கொண்டுவருகிறது, எது தாமதப்படுத்துகிறது என்று உங்களுக்கே பிடிபடும்.

செவ்வாய் மாலை 7 மணிக்குக் கொட்டித் தீர்த்தது. செவ்வாய்க்கு மழை என்று கணித்த எனக்கு ஏன் மதிப்பெண் இல்லை?

வானிலை மையத்தின் மழைக் கணக்கு காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை. செவ்வாய் மாலை மழை புதன் காலை அளவில்தான் ஏறும். வருத்தம் புரிகிறது, ஆனால் விதி எல்லோருக்கும் ஒன்றுதான்.

இடிமழை வரும், வராது என்று சொன்னால் போதாதா? எதற்குச் சதவீதம்?

வேலூர், திருத்தணிப் பக்கம் பிற்பகலில் திரளும் மேகம் எல்லாமே சென்னைக்கு வந்து சேர்வதில்லை. கடற்காற்றின் குளிர்ந்த காற்றில் மாட்டிப் பல நாள் பூந்தமல்லியோடு செத்துவிடும். 9 கிலோமீட்டர் கட்டங்களில் கணக்கிடும் ஐரோப்பிய மாடலுக்கும் ஒற்றை இடிமேகம் துல்லியமாகப் பிடிபடாது.

நீங்கள் சொன்ன வாய்ப்புக்கும் நடந்ததற்கும் (பெய்தால் 1, பெய்யாவிட்டால் 0) உள்ள வித்தியாசத்தின் வர்க்கமே உங்கள் அபராதம். 90 சதவீதம் என்று சொல்லிப் பெய்யாவிட்டால் 0.81. 40 என்று சொல்லிப் பெய்யாவிட்டால் 0.16, பெய்தால் 0.36. மனதில் பட்ட வாய்ப்பை அப்படியே எழுதுபவருக்குத்தான் மாதக் கடைசியில் அபராதம் குறையும்.

புயல் கரை கடக்கும் இடத்தைச் சரியாகச் சொன்னால் கூடுதல் மதிப்பெண் உண்டா?

உண்டு, ஆனால் வேகத்தையும் சேர்த்துக் கேட்போம். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. கடந்த பிறகும் நகராமல் அங்கேயே நின்றதால்தான் புதுச்சேரியில் ஒரே நாளில் சுமார் 48 செ.மீ. மழை. இடத்தை மட்டும் கணித்தவருக்கு அந்த வெள்ளம் தெரிந்திருக்காது.

நேற்றைய வெப்பநிலையையே நாளைக்கும் போட்டால்?

பிப்ரவரியில் தாராளமாகப் போடலாம், பலரை முந்துவீர்கள். மே மாதத்தில் வேட்டியைப் பாருங்கள்.