பலி இரண்டு வேளை, ஜெபம் மூன்று வேளை: கணக்கு ஏன் இடிக்கிறது?

வணக்கம். யூதர்களின் எருசலேம் ஆலயத்தில் அன்றாடப் பலி காலை, பிற்பகல் என இரண்டே வேளைதான். அதற்கு ஈடாக வந்த ஜெபம் மட்டும் எப்படி மூன்று வேளை ஆனது, கட்டுரை அங்கேயே நிற்கிறது என்று எழுதியிருந்தீர்கள். சரியான இடத்தில்தான் மாட்டியிருக்கிறீர்கள். அந்தக் கால ரப்பிகளுக்கே, அதாவது யூத மத ஆசிரியர்களுக்கே, இதில் சண்டை!

காலை ஜெபமான ஷகரித்தும் பிற்பகல் மின்காவும் அந்த இரண்டு பலிகளோடு நேராகப் பொருந்தும். ஓய்வுநாளிலும் பண்டிகையிலும் வரும் முசாஃப், அன்றைக்குரிய கூடுதல் பலிக்கு இணை. இடிப்பது இரவு ஜெபமான மாரிவ்தான். பலியின் மிச்ச உறுப்புகளும் கொழுப்பும் இரவு முழுக்கப் பீடத்தில் எரிந்ததே அதற்கு இணை என்கிறது ரப்பிகளின் விவாதத் தொகுப்பான தல்மூத். அதே இடத்தில் இன்னொரு கருத்தும் உண்டு: மூன்று வேளை ஜெபத்தையும் ஏற்படுத்தியவர்கள் முற்பிதாக்களான ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு.

கி.பி. 70-இல் ரோமர்கள் ஆலயத்தை அழித்தபின் இரவு ஜெபம் கட்டாயம் என்றார் ரப்பிகளின் தலைவரான ரப்பான் கமாலியேல். விருப்பம்தான் என்றார் ரப்பி யோசுவா. யோசுவாவைக் கமாலியேல் எல்லார் முன்பும் நிற்கவைத்து அவமதிக்க, கூடியிருந்தவர்கள் கொதித்து அவரைத் தலைமைப் பதவியிலிருந்தே இறக்கிவிட்டார்கள். இந்தக் கதையைக் கட்டுரையில் விட்டுவிடாதீர்கள். இன்றும் மாரிவில், ஒவ்வொரு வேளையும் நின்றபடி சொல்லும் முதன்மை ஜெபமான அமிதாவை முன்னின்று நடத்துபவர் உரக்கத் திரும்பச் சொல்வதில்லை. அது அந்தப் பழைய 'விருப்பம்' விட்டுச்சென்ற தடம்.

அப்புறம், 'பலி நின்றது, ஜெபம் பிறந்தது' என்ற வரியை எடுத்துவிடுங்கள். ஆலயம் இருந்தபோதே குருக்கள் காலையில் பத்துக் கட்டளைகளையும், 'இஸ்ரயேலே, கேள்' என்று தொடங்கும் ஷெமாவையும் ஓதினார்கள் என்று தல்மூத்துக்கு அடிப்படையான மிஷ்னாவே சொல்கிறது. பைபிளில் தானியேல் 6:10-ஐயும் பாருங்கள், அங்கேயும் மூன்று வேளைதான்.