சுருதி சேர்க்கும் பெண் – வாசகர் கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

இத்தாலிய ஓவியர் ஒராசியோ ஜென்டிலெஸ்கி வரைந்த ‘லூட் வாசிப்பவர்’ ஓவியத்தை அச்சிட்டு எங்கள் புது வீட்டின் கூடத்தில் மாட்ட விரும்புகிறேன். ஏன் பிடித்திருக்கிறது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கும் பெண்ணின் படத்தை வருகிறவர்கள் கண்ணில் படும்படி மாட்டலாமா என்று வீட்டில் கேட்கிறார்கள். இதை எப்படிப் பார்ப்பது, எங்கே மாட்டுவது?

அன்புடன்,
ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் வீட்டார் சரியான இடத்தில்தான் கேள்வியை வைத்திருக்கிறார்கள். அவள் ஏன் திரும்பி உட்கார்ந்திருக்கிறாள் என்பது தெரிந்துவிட்டால் அந்த ஓவியத்தில் பெரும்பகுதி தெரிந்துவிடும். அவள் இன்னும் வாசிக்கத் தொடங்கவில்லை, சுருதி சேர்த்துக்கொண்டிருக்கிறாள். தலையைச் சாய்த்து, விரலால் மீட்டும் பழைய ஐரோப்பியத் தந்திக்கருவியான லூட்டுக்குக் காதைக் கொடுத்திருக்கும் விதத்தைப் பாருங்கள். கச்சேரி மேடைகளைப் பார்த்துப் பழகியவர்களுக்கு அந்தச் சாய்வை விளக்க வேண்டியதே இல்லை. மேசைமேல் ஒரு வயலினும், ரெக்கார்டர் குழல்களும், கார்னெட்டோ என்ற மரக்குழலும், திறந்து வைத்த பாட்டுப் புத்தகங்களும் இருக்கின்றன. மற்ற கலைஞர்கள் இனிமேல்தான் வர வேண்டும். அவர்களுக்கும் முன்னால் நாம் அந்த அறைக்குள் வந்துவிட்டோம். அவள் நம்மைக் கவனிக்கவில்லை.

லூட்டின் தந்திகள் அக்காலத்தில் விலங்கின் குடலைத் திரித்துச் செய்யப்பட்டவை. பெரும்பாலும் இரண்டிரண்டாகக் கட்டப்பட்டிருக்கும் அவை, காற்றில் ஈரம் சற்றுக் கூடினாலும் குறைந்தாலும் சுருதி விலகிவிடும். எண்பது வயது லூட் கலைஞர் தம் வாழ்நாளில் அறுபது ஆண்டுகளைச் சுருதி சேர்ப்பதிலேயே கழித்திருப்பார் என்று ஜெர்மானிய இசையறிஞர் யோஹான் மாத்தெசன் 1713-இல் எழுதினார். அவர் கேலியாகச் சொன்ன அந்த உழைப்பைத்தான் நூறாண்டுகளுக்கு முன்பே ஒராசியோ முழு மரியாதையோடு வரைந்திருக்கிறார்.

இதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டியது, இன்னொரு இத்தாலிய ஓவியரான காரவாஜியோ 1596-ஐ ஒட்டி வரைந்து இப்போது ரஷ்யாவின் ஹெர்மிடாஜ் அருங்காட்சியகத்தில் இருக்கும் லூட் கலைஞனின் ஓவியம். அந்த இளைஞன் உதடு பிரித்து நம்மைப் பார்த்தே பாடுகிறான். அவன் முன்னால் விரித்திருக்கும் சுவடியில் பதினாறாம் நூற்றாண்டு இசையமைப்பாளர் ஆர்க்காடெல்ட்டின் பாடல்களை இன்றும் படித்துப் பாடலாம். ஒராசியோ காரவாஜியோவைவிட எட்டு வயது மூத்தவர், ஆனாலும் நாற்பதை நெருங்கும் வயதில் அவர் ஒளியைக் கையாண்ட விதத்தைப் பார்த்துத் தம் பாணியையே மாற்றிக்கொண்டவர். மாற்றிக்கொண்டபோதும் இரைச்சலைத் தம் படங்களுக்குள் விடவில்லை. எனக்கு இவ்விரண்டில் ஒராசியோவின் படமே மேலானது. காரவாஜியோவின் இளைஞன் நம்மைக் கேட்பவர்களாக்குகிறான். ஒராசியோவின் படத்திலோ அந்தப் பெண்ணே கேட்டுக்கொண்டிருக்கிறாள், நாமும் தானாகப் பேச்சை நிறுத்துகிறோம். உங்களுக்குப் பிடித்ததன் காரணமும் இதுவாக இருக்கலாம்.

ஆகவே தொலைக்காட்சி இருக்கும் சுவரில் இதை மாட்டாதீர்கள். நீங்கள் தனியாக உட்கார்ந்து படிக்கும் நாற்காலிக்கு எதிர்ச்சுவர் இருந்தால் அதுவே இதன் இடம். உட்கார்ந்து பார்க்கும் படம் என்பதால், நின்று பார்க்கும் கண்மட்டத்துக்கு, அதாவது ஐந்தடிக்கு, ஏற்றாமல் சற்றுத் தாழ்வாக மாட்டலாம். அவளுடைய தங்க மஞ்சள் உடையிலும் வெள்ளைச் சட்டைக் கையிலும் ஒளி எந்தப் பக்கத்திலிருந்து விழுகிறதென்று முதலில் பாருங்கள். அறையின் சன்னலும் அதே பக்கம் அமைந்தால், பகல் வெளிச்சமே ஓவியத்துக்குள் தொடர்ந்து போவதுபோல் இருக்கும். ஆனால் நேர்வெயில் படக் கூடாது, வண்ணம் வெளுத்துவிடும்.

அச்சிடும்போது இரண்டு விஷயங்களில் விட்டுக்கொடுக்காதீர்கள். மூல ஓவியம் 143.5 செ.மீ. உயரமும் 129 செ.மீ. அகலமும் கொண்டது, ஏறக்குறையச் சதுரம். கடைகளில் வழக்கமான சட்ட அளவுக்குப் பொருந்த ஓரங்களை வெட்டிவிடுவார்கள்; வெட்டினால் அவளைச் சுற்றி இருக்கும் வெற்றிடம் போய்விடும், அந்த வெற்றிடத்தில்தான் அவள் கேட்கும் ஒலி இருக்கிறது. 60 செ.மீ. உயரத்துக்கு அச்சிட்டால் அகலம் 54 செ.மீ. வர வேண்டும் என்று எழுதியே கொடுங்கள். மற்றது பளபளப்பான கண்ணாடி. இவ்வளவு இருண்ட பின்னணியின் மேல் அதைப் போட்டால் டியூப்லைட்டும் உங்கள் முகமும்தான் தெரியும். பிரதிபலிக்காத கண்ணாடியோ, கண்ணாடியே தேவைப்படாத கான்வாஸ் அச்சோ போதும். ஓவியம் வாஷிங்டன் நேஷனல் கேலரி ஆஃப் ஆர்ட்டில் இருக்கிறது. உயர்தரப் படக்கோப்பை அவர்களே இலவசமாகத் தருகிறார்கள்.

மாட்டிய அன்று மாலை, லூட் இசையமைப்பாளர் கப்ஸ்பெர்கர் 1611-இல் ரோமில் வெளியிட்ட தம் முதல் லூட் நூலிலிருந்து ஒரு டொக்காட்டாவை, அதாவது கருவிக்கென்றே எழுதிய ஓர் இசைத்துண்டை, குறைந்த ஒலியில் வைத்துக்கொண்டு அவள் எதிரே சற்று நேரம் உட்காருங்கள். ஒராசியோவும் அப்போது ரோமில்தான் இருந்தார். இந்த ஓவியத்தை அதற்கடுத்த பத்தாண்டுகளுக்குள் வரைந்ததாகவே கணிக்கிறார்கள். உங்கள் வீட்டாரையும் கூட உட்காரச் சொல்லுங்கள்.

அன்புடன்