சிலையா, பள்ளி நிலமா?

அன்புள்ள ஐயா,

எங்கள் வட்டாரத்தில் தோட்டமும் வியாபாரமும் நடத்திய பெரியவர் ஒருவர் அண்மையில் மறைந்தார். திருவிழா அன்னதானம், பிள்ளைகளுக்கு உபகாரச் சம்பளம், மருத்துவச் செலவு என்று நிறையச் செய்தவர். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியும் அவர்கள் நிலத்தில்தான் இருக்கிறது. மகன்கள் கம்பெனி சார்பில் அறவாரியம் தொடங்கப் போகிறார்கள். சிலர் சிலை வைக்கச் சொல்கிறார்கள். எல்லாம் விளம்பரத்துக்குச் செய்தது என்கிறார்கள் வேறு சிலர். உங்கள் கருத்து என்ன?

ஒரு வாசகர், சுங்கை சிப்புட், மலேசியா

அன்புள்ள நண்பருக்கு,

விளம்பரமா இல்லையா என்ற பேச்சை விடுங்கள். அந்த உபகாரச் சம்பளத்தில் படித்து முன்னேறிய பிள்ளைக்கு அது தேவையில்லாத கேள்வி. அவர் கொடுத்ததில் எது, நாளை அந்தக் குடும்பம் விலகிக்கொண்டாலும் நிற்கும்? எனக்கு அதுதான் முக்கியம்.

உங்கள் ஊர்க் குடும்பம் ஒன்றையே பாருங்கள். 1896இல் மலாயாவுக்கு வந்த வீராசாமி, சுங்கை சிப்புட்டில் ரப்பர் தோட்டம் போட்ட முன்னோடிகளில் ஒருவர். அவர் மகன்தான் மலேசிய இந்தியர் காங்கிரஸ் தலைவராகவும் அமைச்சராகவும் இருந்த துன் வீ.தி. சம்பந்தன். 1954இல் திறப்பு விழா கண்ட மகாத்மா காந்தி தமிழ்ப்பள்ளி சம்பந்தன் உருவாக்கியது. அதைவிடப் பெரிதாக நான் மதிப்பது 1960இல் அவர் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை. வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றன, வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாகப் பிரித்து விற்றார்கள், பால்மரம் வெட்டிய, அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்த சனங்களுக்கு வேலையும், தோட்டம் கொடுத்த லயத்து வீடும் சேர்ந்தே போயின. அரிசி மூட்டை கொடுத்திருந்தாலே வாழ்த்தியிருப்பார்கள். அவரோ தோட்டம் தோட்டமாகப் போய், அவர்களிடமே 10 வெள்ளி (மலாயா டாலர்) கேட்டார். அப்படிச் சேர்ந்த பணத்தில் 1961இல் கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டம் வாங்கப்பட்டது. மரம் வெட்டியவரே அங்கே பங்குதாரர். இதை எழுதும்போதுகூட எனக்கு நெஞ்சு நிறைகிறது.

உங்கள் கடிதத்தில் ஒரு வரியில் கடந்துபோன பள்ளி நிலத்துக்கு வருகிறேன். 7 முதல் 14 வயதுக்குள் 10 பிள்ளைகள் இருந்தால் தோட்டம் பள்ளி நடத்த வேண்டும் என்றது 1912 தொழிலாளர் சட்டம். பள்ளிகள் வந்தன, நிலம் முதலாளி பெயரிலேயே தங்கிவிட்டது. இன்றும் நம் தமிழ்ப்பள்ளிகளில் பாதிக்கு மேல் பகுதி உதவி பெறுபவை. ஆசிரியர் சம்பளம் அரசு தரும். கூரை ஒழுகினால் பள்ளி வாரியம் நன்கொடைக்கு அலைய வேண்டும். தோட்டம் கைமாறினால் பள்ளியின் கதி புதிய முதலாளியின் மனசைப் பொறுத்தது.

ஆகவே, சிலைக் கமிட்டியில் சேராதீர்கள். பள்ளி வாரியத்தையும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தையும் அழைத்துக்கொண்டு அந்த மகன்களைப் போய்ப் பாருங்கள். அப்பா செய்ததையெல்லாம் மரியாதையோடு நினைவுபடுத்துங்கள். பிறகு, அறவாரியத்தின் முதல் காரியமாகப் பள்ளி நிற்கும் நிலத்தைப் பிரித்துப் பள்ளிக்கே எழுதி வைக்கச் சொல்லிக் கேளுங்கள். தோட்டத்தை விற்கும் பேச்சு எழுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.