அமெரிக்காவில் ஓநாய் வேட்டையைத் தீர்மானிப்பது மத்திய அரசா, மாநில அரசா? எத்தனை ஓநாய்களைக் கொல்லலாம் என்பதை யார் முடிவு செய்கிறார்கள்?

இரண்டு அரசுகளுமே, ஆனால் ஒன்றன்பின் ஒன்றாக. அருகிவரும் உயிரினங்களைக் காக்கும் 1973-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டத்தின் பாதுகாப்புப் பட்டியலில் ஓநாய் இடம்பெற்றிருக்கும் வரை, எந்த மாநிலமும் அதற்கென வேட்டைப் பருவத்தை அறிவிக்க முடியாது. (அலாஸ்காவின் ஓநாய்கள் அந்தப் பட்டியலில் ஒருபோதும் இருந்ததில்லை.) பட்டியலிலிருந்து நீக்கப்பட்டதும் பொறுப்பு மாநிலத்திடம் வந்துவிடுகிறது. அதன்பின் நடப்பதை ஓநாய்களின் எண்ணிக்கையைவிட, சட்டமன்றம் முன்கூட்டியே எழுதி வைத்திருக்கும் விதிகளே தீர்மானிக்கின்றன என்பது என் கருத்து.

சில காலம் விஸ்கான்சினில் வசித்தவன் என்பதால் அந்த மாநிலத்தையே எடுத்துக்கொள்கிறேன். மத்தியப் பாதுகாப்பு இல்லாத காலங்களில் ஆண்டுதோறும் வேட்டைப் பருவத்தைத் திறந்தே ஆக வேண்டும் என்று 2012-இல் கையெழுத்தான அம்மாநிலச் சட்டம் கட்டாயப்படுத்துகிறது. அந்தப் பருவம் பிப்ரவரி இறுதி வரை நீள்கிறது. 2021 ஜனவரியில் பாதுகாப்பு நீங்கியபோது, நவம்பரில் வேட்டையைத் தொடங்கலாம் என்று மாநில இயற்கை வளத் துறை திட்டமிட்டிருந்தது. வேட்டைக்காரர்களின் அமைப்பு ஒன்று நீதிமன்றத்தை நாடியது. அந்தப் பிப்ரவரிக்குள்ளாகவே வேட்டையை நடத்த வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. பிப்ரவரி ஓநாய்களின் இனப்பெருக்கக் காலம் என்பதைச் சட்டம் பொருட்படுத்தவில்லை.

மொத்த ஒதுக்கீடு 200. அதில் 81, மத்திய அரசுடனான பழைய ஒப்பந்தங்கள் தரும் உரிமைகளின்படி ஓஜிப்வே பழங்குடியினருக்கு உரியது. ஓநாயை உடன்பிறப்பாகக் கருதும் அவர்கள் அதைக் கொல்வதில்லை. மற்ற வேட்டைக்காரர்களுக்கு மிஞ்சியது 119. தடம் பதியும் புதுப்பனியும், சட்டம் அனுமதித்த வேட்டை நாய்களும், ஒரு பகுதியில் வேட்டையை நிறுத்துவதற்கு 24 மணி நேர முன்னறிவிப்பு தர வேண்டும் என்ற விதியும் சேர்ந்துகொள்ள, மூன்று நாள்களுக்குள் 218 ஓநாய்கள் கொல்லப்பட்டன. பழங்குடியினர் கொல்லாமல் காக்க நினைத்த பங்கையும் மற்றவர்களே தீர்த்துவிட்டார்கள். வரம்பு தாண்டப்படுகிறது என்று தெரிந்த பிறகும் அதிகாரிகளால் உடனடியாக நிறுத்த முடியாதபடி சட்டம் அமைந்திருந்ததே இதில் எனக்கு மிகவும் உறுத்தலானது. (ஓநாயிடம் சிக்கி இறக்கும் வேட்டை நாய்க்கு 2,500 டாலர் வரை இழப்பீடு வழங்கும் மாநிலமும் இதுதான்.)

அண்டை மாநிலமான மினசோட்டாவில் ஓநாய்கள் விஸ்கான்சினில் இருப்பதைவிட இரு மடங்குக்கும் அதிகம், ஏறத்தாழ 2,700. ஆயினும், வேட்டை நடத்துவதா வேண்டாமா என்பது அங்கே துறையின் முடிவுக்கு விடப்பட்டிருந்ததால், அதே 2021-இல் ஒரு வேட்டைப் பருவமும் அறிவிக்கப்படவில்லை.

மேற்கே ராக்கி மலைத்தொடரில் நிலைமை வேறு. 1995, 1996 ஆண்டுகளில் கனடாவிலிருந்து 66 ஓநாய்கள் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவிலும் ஐடஹோ மாநிலத்திலும் விடப்பட்டன. அவை பெருகியபின், 2011-இல் நிதிநிலைச் சட்டத்தோடு ஒரு பிரிவை இணைத்து, ஐடஹோ, மொன்டானா ஓநாய்களை நாடாளுமன்றமே பட்டியலிலிருந்து நீக்கியது. 2021-இல் ஐடஹோ, ஒருவர் வாங்கக்கூடிய உரிமச்சீட்டுகளின் வரம்பையே எடுத்துவிட்டது. வயோமிங்கில் ஏறத்தாழ 85 விழுக்காடு நிலப்பரப்பில் உரிமமின்றி, ஆண்டு முழுவதும் ஓநாயைக் கொல்லலாம்; மாநிலத்தின் வடமேற்கு மூலையில் மட்டுமே பருவமும் வரம்பும் உண்டு.

கால்நடை வளர்ப்பவர்களின் இழப்பு உண்மையானது; வேட்டையே கூடாது என்று நான் வாதிடவில்லை. எத்தனை, எப்போது, எந்த முறையில் என்பவற்றை ஆண்டுதோறும் கணக்கெடுப்பைப் பார்த்து முடிவு செய்யும் அதிகாரம் வனவிலங்குத் துறையிடம் இருக்க வேண்டும் என்பதே என் வாதம்.

2022 பிப்ரவரியில் மத்திய நீதிமன்றம் ஒன்று, வடக்கு ராக்கி மலைப் பகுதி நீங்கலாக, பாதுகாப்பை மீட்டளித்ததால் விஸ்கான்சின் வேட்டை நின்றது. அடுத்த ஆண்டு வந்த புதிய மேலாண்மைத் திட்டம், 350 ஓநாய்கள் போதும் என்ற பழைய இலக்கைக் கைவிட்டது. ஆனால் வேட்டையைக் கட்டாயமாக்கும் 2012-ஆம் ஆண்டுச் சட்டத்தை மாற்றும் அதிகாரம் அத்திட்டத்திற்குக் கிடையாது, அது சட்டமன்றத்திடமே இருக்கிறது.