கலீனா செங்கல் வீட்டுக்குச் சிமென்ட் வேண்டாம்

கேள்வி: இல்லினாய் மாநிலத்தின் கலீனாவில் 1850களில் கட்டிய செங்கல் வீடு வாங்கியிருக்கிறோம். சுவரில் சாந்து உதிர்கிறது. சிமென்ட் வைத்து அடைத்துவிடலாம் என்கிறார் காண்ட்ராக்டர். செய்யலாமா? நகராட்சி அனுமதி வேண்டுமா?

பதில்: தயவுசெய்து சிமென்ட் வேண்டாம். அமெரிக்காவில் போர்ட்லண்ட் சிமென்ட், அதாவது இன்று நாம் வாங்கும் சாதாரணச் சிமென்ட், தயாரிப்பு தொடங்கியதே 1870களில்தான். உங்கள் வீட்டை எழுப்பியது சுண்ணாம்பும் மணலும். சாந்தை விரலால் தேய்த்துப் பாருங்கள், மாவு மாதிரி வரும். அது குறையல்ல. அந்தக் காலத்துச் செங்கல் மிருதுவானது. சுவருக்குள் போன ஈரம் இந்தச் சாந்து வழியாகத்தான் வெளியேறுகிறது. செங்கல்களுக்கு இடையிலுள்ள இடுக்கைச் சிமென்டால் அடைத்தால் ஈரம் செங்கலுக்குள்ளேயே தங்கிவிடும். கலீனா குளிரில் அது உறைந்து விரியும்போது செங்கலின் முகம் அப்பளம் போலப் பெயர்ந்து விழும். சாந்து தேய்ந்தால் மறுபடி வைக்கலாம், முகம் போன செங்கலை என்ன செய்வது?

ஆகவே புதுச் சாந்து செங்கலைவிட மிருதுவாக இருக்க வேண்டும். கடையில் பையில் வரும் எம், எஸ் வகைக் கலவைகள் சிமென்ட் மிகுந்து கெட்டியாக இறுகுபவை, அவற்றைத் தொடாதீர்கள். பழைய சாந்தை, இடுக்கின் அகலத்தைப் போல இரண்டு, இரண்டரை மடங்கு ஆழத்துக்குக் கையால் உளி வைத்தே எடுக்கச் சொல்லுங்கள். மின்சாரத்தில் சுழன்று அறுக்கும் கிரைண்டர் கொஞ்சம் நழுவினாலும் செங்கலின் ஓரம் போய்விடும். இடுக்கை நனைத்து, கால் அங்குலக் கனத்தில் அடுக்கடுக்காக நிரப்பி, சில நாள் ஈரச் சாக்கு போட்டு மூடிவைக்க வேண்டும். பனிக்காலத்துக்கு வெகுமுன்பே வேலை முடியட்டும். முதலில் பின்சுவரில் ஒரு முழம் செய்து காட்டச் சொல்லி, காய்ந்தபின் நிறம் பாருங்கள். மணலைக் காற்றில் பீய்ச்சிச் சுவரைச் சுத்தம் செய்கிறேன் என்றால் கண்டிப்பாக மறுத்துவிடுங்கள்; சூளையில் வெந்து இறுகிய மேல்தோல் போய்விடும்.

சரி, அனுமதி. கலீனாவின் பழைய பகுதி 1969 முதல் வரலாற்று இடங்களுக்கான அமெரிக்கத் தேசியப் பதிவேட்டில் இருக்கிறது. ஆனால் அந்தப் பதிவு மட்டுமே, சொந்தப் பணத்தில் வேலை செய்பவரைக் கட்டுப்படுத்தாது. கட்டுப்படுத்துவது நகராட்சியின் சொந்த விதிகள். வேலை தொடங்கும் முன்பே நகராட்சியில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். புதுப்பிக்கும் செலவில் 20 சதவீதத்தை வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம் என்று யாராவது சொல்லியிருந்தால், அந்த மத்திய அரசுச் சலுகை வாடகை போன்ற வருமானம் தரும் கட்டடங்களுக்குத்தான். நீங்கள் குடியிருக்கும் வீட்டுக்குக் கிடையாது.

அப்புறம், சாந்து எங்கே உதிர்கிறது என்று மழை நாளில் வெளியே நின்று பாருங்கள். கூரைத் தண்ணீர்க் குழாயை ஒட்டி மட்டும் உதிர்ந்தால் முதலில் அந்தக் குழாயைச் சரிசெய்யுங்கள்.